பதினெட்டாவது பிறந்தநாளுக்கு மறுநாள்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டு, படிக்க வசதியாகச் சுருக்கித் தொகுத்திருக்கிறோம்.)

ஏற்காடுன்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு, ஏரியில் படகு, லேடீஸ் சீட், சூடா ஒரு தட்டு மிளகாய் பஜ்ஜி. சனிக்கிழமை ஏறி ஞாயிற்றுக்கிழமை இறங்கிடுவோம். இன்னைக்கும் அதே சேர்வராயன் மலைக்குத்தான் போறோம். ஆனா அங்கேயே பிறந்து, அங்கேயே வாழப்போற ஒருத்தரைப் பத்திப் பேசப்போறோம்.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துக்கலாம். நாகலூர் பக்கம் வீடு. அப்பா, அம்மா ரெண்டு பேரும் காபி எஸ்டேட்டில் வேலை பார்க்கிறார்கள். மகன் படிச்சு முடிச்சு பெங்களூரில் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறான். அவனுடைய தங்கைக்கு 14 வயசு. டவுன் சிண்ட்ரோம் இருக்கிறது. தினமும் பள்ளிக்கூடம் போகிறாள், சிநேகிதிகள் இருக்கிறார்கள், பாட்டுன்னா உயிர். அண்ணன் போன் பண்ணி விசாரிக்கும்போதெல்லாம் அம்மா சொல்ற பதில் ஒண்ணுதான்: "இப்போதைக்கு ஒண்ணும் பிரச்சினை இல்ல கண்ணு."

அந்த "இப்போதைக்கு" இன்னும் நாலு வருஷம். அதுக்கப்புறம் என்ன? அதுதான் இந்த எபிசோட்.

இதை ஏன் உங்ககிட்ட சொல்றேன்னா, இந்த மாதிரிக் குடும்பங்களில் "எங்களுக்கு அப்புறம் யாரு?" என்ற கேள்விக்கு அப்பா அம்மா மனசுக்குள்ள வெச்சிருக்கிற பதில், பெரும்பாலும் கூடப் பிறந்தவங்கதான். அதாவது, கேட்டுக்கிட்டிருக்கிற நீங்களாகவே இருக்கலாம். ஆனா இதைப் பத்தி உங்ககிட்ட யாரும் நேரா உட்கார்ந்து பேசியிருக்க மாட்டாங்க.

ஒரே நாளில் மாறுகிற மூன்று விஷயங்கள்

ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, டவுன் சிண்ட்ரோம், மூளை முடக்குவாதம் இதையெல்லாம் சேர்த்து வளர்ச்சிசார் குறைபாடுகள்னு சொல்வோம். இவர்களுக்கு 18 வயசு ஆகும்போது மூணு விஷயம் ஒரே நேரத்தில் மாறுது.

முதலாவது, பள்ளிக்கூடம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு 6 வயதிலிருந்து 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாகத் தருகிறது. பக்கத்தில் இருக்கும் சாதாரணப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பதைக் குடும்பம் தேர்ந்தெடுக்கலாம். அரசுப் பள்ளிகளுக்குப் பின்னால் ஒவ்வொரு ஒன்றியத்திலும் வட்டார வள மையம் இருக்கிறது. சிறப்புப் பயிற்றுநர்கள், இயன்முறை சிகிச்சை எல்லாம் அந்த வழியாகத்தான் வருகின்றன. பள்ளிக்கூட வயசு முடியும்போது இந்த மொத்த ஏற்பாடும் விலகிக்கொள்கிறது. டீச்சர், சிநேகிதிகள், காலையில ஏழு மணிக்கு எழுந்திருக்க ஒரு காரணம், எல்லாமே ஒண்ணாப் போகுது. கல்லூரி, வேலைன்னு அடுத்த படி தயாரா இருக்கிற நமக்கு இது ஒரு விடுமுறை மாதிரி. அடுத்த படி இல்லாதவங்களுக்கு இது விளிம்பு.

இரண்டாவது, சட்டம். 17 வயசு வரைக்கும் அப்பா அம்மாதான் இயல்பான காப்பாளர். 18 ஆனதும் அவள் சட்டப்படி முழு வயதுவந்தவள். அவளுக்காகக் கையெழுத்துப் போடும் அதிகாரம் பெற்றோருக்குத் தானாகத் தொடர்வதில்லை. இது பல பேருக்குத் தெரியவே தெரியாது. பேங்க் கவுன்ட்டரில்தான் தெரிய வரும்.

மூன்றாவது, வீடு. பகல் முழுக்கப் பள்ளியில் இருந்த பிள்ளை இப்போது பகல் முழுக்க வீட்டில். அப்போ வீட்டில் ஒருத்தர் இருந்தாகணும். எஸ்டேட் வேலைக்குப் போகிற ரெண்டு பேரில் ஒருத்தருடைய கூலி நின்னுபோகுது. அது யாருடைய கூலின்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்காவில் 16 வயது ஆவதற்குள் அந்த மாணவருடைய கல்வித் திட்டத்திலேயே "பள்ளிக்குப் பிறகு என்ன" என்ற பகுதியை எழுதியே ஆகவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இங்கிலாந்தில் 13, 14 வயதில் அந்தப் பேச்சைத் தொடங்குகிறார்கள். தேவைப்பட்டால் 25 வயது வரை கல்வி உதவித் திட்டம் தொடரலாம். நம்ம சட்டத்தில் படிப்பும் வேலையும் உரிமையா இருக்கு, ஆனா ஒண்ணிலிருந்து இன்னொண்ணுக்குப் போறதுக்கான பாலத்தை ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுதிவெச்சே ஆகணும்னு கட்டாயம் இல்லை. அதனால அந்தப் பாலத்தைக் குடும்பம்தான் கட்டணும். அதைப் 17 வயசில் ஆரம்பிச்சா நேரம் பத்தாது, 14இல் ஆரம்பிக்கணும். ஏன்னா கத்துக்க வேண்டிய விஷயங்கள் ஒவ்வொண்ணும் மாசக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் நேரம் கேட்கும்.

சென்னையில் உருவான ஒரு பட்டியல்

சரி, என்னதான் கத்துக்கணும்? இதுக்கு நம்ம ஊரிலேயே உருவான ஒரு நல்ல கருவி இருக்கு. சென்னையில் விஜய் ஹியூமன் சர்வீசஸ் என்ற நிறுவனத்தில் பி. ஜெயச்சந்திரனும் வி. விமலாவும் உருவாக்கியது. பேர் மெட்ராஸ் டெவலப்மெண்டல் புரோகிராமிங் சிஸ்டம். சிறப்புக் கல்வி படித்தவர்கள் எம்.டி.பி.எஸ். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இந்தியாவின் பல மாநிலங்களில் சிறப்புப் பள்ளிகள் இதைப் பயன்படுத்துகின்றன.

அதில் 18 துறைகள். ஒவ்வொன்றிலும் 20 செயல்கள், எளிதிலிருந்து கடினத்துக்குப் படிப்படியாக. மொத்தம் 360. ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டே குறிதான்: இதை அவர் செய்கிறார், இதை இன்னும் செய்யவில்லை. ஐ.க்யூ. எண் கிடையாது, "இவ்வளவு சதவீதம் குறை" கிடையாது. கடைசியாகச் செய்ய முடிந்த செயலுக்கு அடுத்த செயல்தான் அடுத்த பாடம்.

அந்த 18 என்னென்னன்னு கேளுங்க: உடல் அசைவு, கைவிரல் அசைவு, சாப்பிடுவது, உடை உடுத்துவது, தலை சீவி முகம் கழுவித் தன்னைப் பேணுவது, கழிப்பறை, சொல்வதைப் புரிந்துகொள்வது, தான் சொல்வது, பழகுவது, படிப்பது, எழுதுவது, எண், நேரம், பணம், வீட்டு வேலை, ஊரில் வழி தெரிந்து நடப்பது, பொழுதுபோக்கு, கடைசியில் தொழில்.

கவனிச்சீங்களா? பள்ளிக்கூடத்தில் நாம் மார்க் போடுகிற படிப்பு, எழுத்து, எண் எல்லாம் 18இல் மூணுதான். தொழில் ஒண்ணு. மீதி 14 விஷயத்துக்கு ரேங்க் கார்டில் இடமே இல்லை. ஆனா ஒருத்தர் வேலையில் நிலைப்பதைத் தீர்மானிக்கிறது பெரும்பாலும் அந்த 14தான். வேலையைச் சரியாகச் செய்யத் தெரிந்தும், டாய்லெட் எங்கேன்னு கேட்கத் தெரியலை, இடைவேளை முடிஞ்சதும் திரும்பி வரத் தெரியலை, தானா பஸ் ஏறத் தெரியலை என்பதாலேயே வேலை நின்னு போகலாம்.

சுதந்திரம்னா தனியா இருக்கிறதா?

இந்த இடத்தில் ஒரு வார்த்தையைச் சரிபண்ணிக்கணும். "சுதந்திரமா வாழ்றது"ன்னா எல்லாத்தையும் தானே செய்யறதுன்னு நினைக்கிறோம். யோசிச்சுப் பாருங்க, நீங்க அப்படியா வாழறீங்க? வழி கேட்க மேப், சாப்பாட்டுக்கு டெலிவரி ஆப், வரிக் கணக்குக்கு ஆடிட்டர். எந்த உதவி எப்போ வேணும்னு நீங்க முடிவு பண்றீங்க, அவ்வளவுதான்.

அவளுக்கும் அதே அளவுகோல்தான். சில வேலைகளைத் தானே செய்வாள். சிலதைப் பக்கத்தில் ஒருத்தர் இருந்தால் செய்வாள். சிலதை மற்றவர்தான் செய்யணும், ஆனா எப்படிச் செய்யணும்னு அவள் சொல்லலாம். தலைமுடியை அவளால் பின்ன முடியாமல் இருக்கலாம். ரெட்டைச் சடையா, ஒற்றைச் சடையான்னு சொல்ல முடியும், இல்லையா?

அன்பான வீடுகளில்தான் இது அதிகமா விட்டுப்போகுது. பாசத்தில் எல்லாத்தையும் நாமே செய்துகொடுத்துடறோம். தட்டில் என்ன வேணும்னுகூடக் கேட்பதில்லை. 18 வருஷம் எதையுமே தேர்ந்தெடுக்காத ஒருத்தரிடம், 19ஆவது வருஷம் "உனக்கு என்ன வேலை பிடிக்கும்?"னு கேட்டால் அவர் என்ன சொல்வார்?

"வேண்டாம்" என்பதும் இதில் சேர்த்தி. எல்லாத்துக்கும் தலையாட்டப் பழகிய பெண்ணுக்கு, தப்பான தொடுகைக்கு மட்டும் "வேண்டாம்" சொல்ல வராது. இட்லி வேண்டாம், இந்தச் சட்டை வேண்டாம்னு வீட்டில் சொல்லிப் பழகி, அந்த "வேண்டாம்"க்கு மதிப்பும் கிடைச்சிருந்தால்தான் வெளியில் சொல்ல வரும்.

நாகலூரிலிருந்து ஏற்காட்டுக்கு ஒரு பஸ்

ஒரு திறமையை எப்படிச் சொல்லிக்கொடுப்பதுன்னு ஒரு உதாரணம் பார்க்கலாம். நம் தங்கை நாகலூரிலிருந்து ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்குத் தனியாகப் போய் வரணும். நமக்கு இது ஒரே வேலை. பிரிச்சுப் பார்த்தா பதினைந்து வேலை. நேரம் பார்த்துக் கிளம்பணும், எந்தப் பக்கம் நிற்கணும்னு தெரியணும், வர்ற பஸ் நம்ம பஸ்ஸான்னு பார்க்கணும், ஏறணும், உட்காரணும், பாஸைக் காட்டணும், இறங்குற இடத்துக்கு முன்னால் இருக்கும் அடையாளம் தெரியணும்.

முதல் சில வாரம் அம்மா பக்கத்து சீட்டில். அப்புறம் ரெண்டு சீட் பின்னால். அடுத்து, அம்மா ஏற்றிவிட, ஏற்காட்டில் அத்தை இறக்கிக்கொள்வார். கடைசியில் "வந்துட்டேன்" என்று ஒரு போன் மட்டும். உதவியை ஒரேயடியாக எடுக்காமல் சிறுகச் சிறுகக் குறைப்பதுதான் இதில் முழு ரகசியமும். இது முடிய ஆறு மாசம் ஆகலாம், ஒரு வருஷமும் ஆகலாம்.

மலையில் இதுக்கு ஒரு கஷ்டமும் ஒரு வசதியும் இருக்கு. அடிக்கடி பஸ் கிடையாது, பனிமூட்டம் இறங்கினால் பத்தடி தூரம் தெரியாது, சில இடங்களில் காட்டெருமை ரோட்டில் நிற்கும். அதனால் "பஸ்ஸை விட்டுட்டா என்ன பண்ணணும்" என்பதும் பாடத்தில் ஒரு படி: எந்த டீக்கடையில் போய் உட்காரணும், யாருக்குப் போன் பண்ணணும். வசதி என்னன்னா, ஆட்கள் மாறுவதில்லை. அதே டிரைவர், அதே கண்டக்டர், அதே கடைக்காரர். ரெண்டு மாசத்தில் அவங்களும் அவளுடைய பாதுகாப்பில் பங்காளி ஆகிடுவாங்க.

பணமும் இப்படித்தான். கழித்தல் கணக்கு வரலைன்னா கடைக்கே போக முடியாதுன்னு இல்லை. 63 ரூபாய்னு சொன்னா 100 ரூபாய் நோட்டைக் கொடு, மீதியை வாங்கிப் பையில் போடு. அவ்வளவு தெரிந்தாலே சின்னச் சாமானெல்லாம் வாங்கலாம். போன் பழகியவர்களுக்கு 2024இல் வந்த யுபிஐ சர்க்கிள் வசதியும் இருக்கு. பெங்களூரில் இருக்கிற அண்ணன் தன் கணக்கிலிருந்து மாதம் இவ்வளவுதான்னு வரம்பு வெச்சு அவளுக்குக் கொடுக்கலாம். இல்லைன்னா ஒவ்வொரு முறையும் தான் ஒப்புதல் தந்தால்தான் பணம் போகும்னு அமைச்சுக்கலாம்.

காபிக் களத்தில் என்ன வேலை?

இப்போ தொழில். "இவங்களுக்கு என்ன வேலை தெரியும்?" என்ற கேள்விக்கு ஒரு பழைய பதில் இருக்கு. 1970களில் அமெரிக்காவில் மார்க் கோல்ட் என்பவர், கடுமையான அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு சைக்கிள் பிரேக்கைப் பாகம் பாகமாகப் பூட்டச் சொல்லிக்கொடுத்தார். 15 பாகங்கள் கொண்ட வேலை அது. பாகங்களை வரிசையாக அடுக்கி, வேலையைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்து, வாயால் விளக்காமல் கையால் காட்டிப் பழக்கினார். அவர்கள் கற்றுக்கொண்டார்கள். ஒருத்தர் கத்துக்கலைன்னா, வேற மாதிரி சொல்லிக்கொடுத்துப் பாருங்க என்பதுதான் அவர் வாதம்.

இதை ஏற்காட்டுக்குக் கொண்டுவருவோம். நவம்பரிலிருந்து ஜனவரி வரை அரபிகா காபி அறுவடை. சிவந்த பழத்தை மட்டும் பறிக்கணும். பல்பர் மெஷினில் தோல் நீக்கி, கழுவி, களத்தில் பரப்பி, மணிக்கொருமுறை கிளறி, சாயங்காலம் குவிச்சு மூடணும். காய்ந்த கொட்டையில் கறுப்பு, உடைசல், பூச்சி அரித்ததைப் பொறுக்கணும். இந்த வேலை ஏற்கெனவே படிப்படியாகத்தான் இருக்கு! "இந்த நிறம் எடு, அந்த நிறம் விடு" என்பதை ஒரு தட்டில் மாதிரி வைத்துக் காட்டலாம். திரும்பத் திரும்ப ஒரே வேலையைச் செய்வதில் நமக்கு வருகிற அலுப்பு சில பேருக்கு வராது, அதில் நிம்மதி இருக்கும். எல்லாருக்கும் இல்லை. சத்தமும் கூட்டமும் தாங்காத ஆட்டிசம் உள்ள ஒருவருக்குப் பல்பர் பக்கத்தில் நிற்பது நரகம், களத்தின் ஓரம் சொர்க்கம். ஆளைப் பார்த்துத்தான் வேலை.

காபி சீசன் முடிஞ்சதும் மிளகு, நாற்றுப் பையில் மண் நிரப்புவது, மே மாசம் கோடை விழாக் கூட்டத்துக்குத் தங்கும் விடுதிகளில் துணி மடிப்பது, பாத்திரம் அடுக்குவது. மலையில் வேலை சீசனுக்கு சீசன் மாறும். அதனால் ஒரே வேலையைப் பழக்கிவிட்டால் போதாது. வருஷத்துக்கு ஒரு காலண்டர் போட்டுப் பழக்கணும்.

அப்போ தடை எங்கே? வேலை இருக்கு, ஆளும் இருக்கு. நடுவில் ஒருத்தர் இல்லை. முதல் சில வாரம் கூடவே நின்னு, வேலையைப் பிரிச்சுக் காட்டி, மேஸ்திரிக்கும் பக்கத்தில் வேலை செய்கிறவர்களுக்கும் எப்படிப் பேசணும்னு சொல்லிக்கொடுத்து, மெதுவா விலகிக்கொள்கிற ஒருத்தர். வெளிநாடுகளில் இவரை ஜாப் கோச் என்பார்கள். முதலில் வருஷக்கணக்கில் பயிற்சி, அப்புறம் வேலை என்ற வரிசையைத் திருப்பிப் போட்டது இந்த முறை. முதலில் உண்மையான வேலை இடம், அங்கேயே பயிற்சி. நம் பயிற்சி மையங்களில் பல ஆண்டுகளாக மெழுகுவத்தி, காகிதப் பை, பினாயில் என்று பழக்கி வருகிறோம். பகல் பொழுதுக்கு ஒரு இடம் என்ற வகையில் அது பெரிய உதவி. ஆனால் அங்கே கற்றதை வாங்கிக்கொள்ள வெளியில் ஒரு முதலாளி இல்லையென்றால், பத்து வருஷம் கழித்தும் அவர் பயிற்சியாளராகவேதான் இருப்பார்.

வெளியில் வேலை கொடுத்துக் காட்டிய இடங்கள் இருக்கின்றன. 2017இல் ஹூப்ளியில் ஒரு கல்லூரி வளாகத்தில் ஆரம்பித்த மிட்டி கஃபே, முழுக்க மாற்றுத்திறனாளிகளை நம்பி நடப்பது. 2023இல் உச்ச நீதிமன்ற வளாகத்திலேயே ஒரு கிளை திறந்தார்கள். லெமன் ட்ரீ ஹோட்டல்களில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள் வேலை செய்கிறார்கள். எஸ்.ஏ.பி. நிறுவனம் 2013இலிருந்து ஆட்டிசம் உள்ளவர்களைத் தேடி வேலைக்கு எடுக்கிறது.

அரசு வேலை? சட்டத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீத ஒதுக்கீடு. அதில் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லாருக்கும் சேர்த்து 1 சதவீதம். கல்வித் தகுதியும் வேணும். தகுதி இருந்தா கட்டாயம் முயற்சி பண்ணுங்க. பள்ளிப் படிப்பு பாதியில் நின்னிருந்தா, மேல் வயது வரம்பு இல்லாத தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் பத்தாவது எழுதலாம். ஆனா அதுக்காகவே மற்ற எல்லாத்தையும் தள்ளிப்போடாதீங்க.

இன்னொண்ணு. வேலைன்னா கூலி. "பாவம், வீட்ல சும்மா இருக்கிறதுக்கு இங்கே வந்து இருக்கட்டும்" என்பது வேலை இல்லை. அவள் பேரில் ஒரு பேங்க் கணக்கு, அதில் அவள் கூலி, அதிலிருந்து அவளே தேர்ந்தெடுத்து வாங்கின ஒரு வளையல். அதுதான் வேலை.

கையெழுத்து யாருடையது?

இனி சட்டம். இது கொஞ்சம் வறட்சியா இருக்கும், ஆனா அண்ணன்கள் அக்காக்கள் கண்டிப்பா கேட்கணும்.

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு, இந்த நாலுக்கும் 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இருக்கிறது. அதன்படி மாவட்டந்தோறும் ஒரு உள்ளூர்க் குழு. அதில் மாவட்ட ஆட்சியர் நிலையிலான அதிகாரி, பதிவுபெற்ற ஒரு தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி, ஒரு மாற்றுத்திறனாளி. ஏற்காட்டுக்காரர்களுக்கு இது கீழே சேலத்தில். 18 வயதுக்குப் பிறகு சட்டப்படியான காப்பாளரை நியமிப்பது இந்தக் குழுதான். அதற்காக நீதிமன்றத்துக்கு அலைய வேண்டாம்.

ஆனா எல்லாரும் உடனே ஓடிப்போய்க் காப்பாளர் சான்று வாங்கணுமா? அந்தச் சட்டமே குழுவை ரெண்டு கேள்வி கேட்கச் சொல்கிறது: இவருக்குக் காப்பாளர் உண்மையிலேயே தேவையா? தேவையென்றால் எந்தெந்த விஷயத்துக்கு? 2016 சட்டம் இன்னும் ஒரு படி போய், குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, அவரோடு கலந்து சேர்ந்து முடிவெடுக்கும் வரையறுக்கப்பட்ட காப்பாளர் முறையைச் சொல்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை 2007இல் ஏற்றுக்கொண்ட நாடு நம்முடையது. அதன் சாரமும் இதுதான்: முடிவெடுக்க உதவுங்க, முடிவைப் பறிக்காதீங்க.

காப்பாளராக ஆனவருக்குப் பொறுப்பும் உண்டு. நியமித்த ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியல், வருஷா வருஷம் கணக்கு, ரெண்டையும் ஒப்படைக்கணும். நாளைக்கு அந்தப் பெயர் உங்க பெயரா மாறலாம். அதனால இப்பவே தெரிஞ்சிருக்கட்டும்.

இன்னொரு பக்கமும் பாருங்க. 18 ஆனால் இழப்பு மட்டும் இல்லை, அவளுக்கு ஓட்டுரிமை வருது. தகுதியுள்ள நீதிமன்றம் மனநலம் சரியில்லை என்று அறிவிக்காதவரை, அறிவுசார் குறைபாடு இருக்கு என்பதற்காக வாக்காளர் பட்டியலில் யாரும் பெயர் மறுக்க முடியாது.

எங்களுக்கு அப்புறம்?

கடைசியா, அந்தக் கேள்வி. பதில் ஒரே ஒரு ஆளாக இருந்தால் அந்தப் பதில் பலவீனமானது. அந்த ஒரு ஆளுக்கும் கல்யாணம் ஆகும், உடம்பு சரியில்லாமல் போகும், வேற நாட்டுக்கு வேலை கிடைக்கும். அதனால் ஆளைத் தேடாதீங்க, வளையத்தைக் கட்டுங்க. அண்ணன் பணம், பேப்பர் பார்த்துக்கலாம். சித்தி வாரத்தில் ரெண்டு நாள். எஸ்டேட்டில் கூட வேலை செய்யற அக்கா பஸ்ஸில் துணை. உள்ளூர் சுகாதார நர்ஸ் மாத்திரைக்கு.

வீட்டை விட்டு வேற இடத்தில் தங்கவும் பழகணும். முதல் தடவை அப்படித் தங்குவது, அம்மாவை ஐ.சி.யு.வில் சேர்த்த ராத்திரியாக இருக்கக் கூடாது. சித்தி வீட்டில் ஒரு ராத்திரி, அப்புறம் ரெண்டு ராத்திரி என்று ஆரம்பிக்கலாம். குடும்பத்தால் முடியாத நிலை வந்தால், பெரியவர்களுக்கான குழு இல்லங்களுக்குத் தேசிய அறக்கட்டளையின் திட்டம் இருக்கு. தொண்டு நிறுவனங்களும் நடத்துகின்றன. ஆனா மலையிலிருந்து பார்த்தால் அதெல்லாம் கீழேதான். அவளுடைய ஊர், அவளுடைய கண்டக்டர், அவளுடைய களம் எல்லாத்தையும் விட்டுட்டு இறங்கணும். அவள் மேலேயே வாழணும்னா, மேலேயே ஆட்கள் வேணும்.

பணத்தில் மூணு குறிப்பு. தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2000 ரூபாய்க்கு விண்ணப்பித்தாச்சான்னு பாருங்க. தேசிய அறக்கட்டளையின் நிரமயா காப்பீடு வருஷத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கும் தெரபிக்கும் தருகிறது. முன்கூட்டியே மருத்துவப் பரிசோதனை கேட்பதில்லை. மூணாவது, பெற்றோர் உயில் எழுதும்போது அவள் பங்கை யார் நிர்வகிப்பது என்பதையும் எழுதணும். "பையன் பார்த்துப்பான்" என்ற வாய்வார்த்தை உயில் இல்லை.

இந்த மாதமே செய்யக்கூடியவை

உங்க வீட்டில் இப்படி ஒரு தம்பியோ தங்கையோ இருந்தா, மூணு வேலை. ஒண்ணு, மாற்றுத்திறனாளி தனித்துவ அடையாள அட்டை இருக்கான்னு பாருங்க. சின்ன வயசில் வாங்கின சான்றை 18 வயசில் புதுப்பிக்க வேண்டியிருக்கும். விவரம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கிடைக்கும். ரெண்டு, அந்த 18 துறையை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொண்ணுக்கும் எதிரே அவங்க இப்போ செய்யற ஒரு விஷயத்தை எழுதுங்க. அம்மாவும் நீங்களும் தனித்தனியா எழுதிப் பாருங்க. அம்மாவுக்குத் தெரியாதது உங்களுக்கும், உங்களுக்குத் தெரியாதது அம்மாவுக்கும் தெரியும்.

மூணாவது வேலை ரொம்பச் சின்னது. நாம இவ்வளவு நேரம் அவங்களைப் பத்தியே பேசிக்கிட்டிருக்கோம். அவங்ககிட்ட கேட்டீங்களா? பேச்சு வரலைன்னா ரெண்டு போட்டோ காட்டுங்க: களத்தில் காபி காயுது, விடுதியில் துணி மடிக்கிறாங்க. எது பிடிக்கும்னு கேட்டுட்டு, பதில் வர்ற வரைக்கும் அமைதியா இருங்க. பத்து செகண்ட் ஆகலாம், பத்து நாளும் ஆகலாம். அதுவரைக்கும் அவங்களுக்காக நீங்க பதில் சொல்லிடாதீங்க.

வேலை கொடுக்கிற இடத்தில் இருக்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்க ஆபீஸில், கடையில், எஸ்டேட்டில் ஒரே ஒரு வேலையை எடுத்துப் பதினைந்து படியா எழுதிப் பாருங்க. எழுதி முடிக்கும்போது, அதைச் செய்யக்கூடிய ஒருத்தர் உங்க ஊரிலேயே இருப்பது தெரியும்.

அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.